பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். அது எப்படித் தப்பிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு நாள் மாணவர்கள் பெட்ரி தட்டைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். தட்டு முழுவதும் ஈ.கோலை பாக்டீரியா பாலேடு போல மங்கலாகப் படர்ந்திருக்கும். வைரஸ் விழுந்த இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெளிந்த வட்டங்கள் தெரியும். கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்கும். மாணவர்கள் கேட்டவை, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபின் பெற்றோர் கேட்டு அனுப்பியவை, என் உறவினர்கள் கேட்டவை ஆகியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை மாற்றவில்லை.

1. வைரஸ் நமக்குத்தானே வரும்? கிருமிக்கே கிருமி வருமா?

வரும். பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர், சுருக்கமாக ஃபேஜ். 1915-இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் டுவார்ட்டும், 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெலும் தனித்தனியாக இவற்றைக் கண்டார்கள். பூமியில் உள்ள ஃபேஜ்களின் எண்ணிக்கைக்கு அறிவியலாளர்கள் சொல்லும் மதிப்பீடு ஒன்றுக்குப் பின்னால் 31 சுழியங்கள். கடல்நீர், வயல் மண், சாக்கடை, நம் குடல் என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் அவையும் இருக்கின்றன. மனிதச் செல்லுக்குள் புகுந்து பெருகும் திறன் அவற்றுக்கு இல்லை.

டி4 என்ற ஃபேஜை எடுத்துக்கொள்வோம். அதன் தலைக்குள் டி.என்.ஏ. சுருட்டி அடைக்கப்பட்டிருக்கும். கீழே ஒரு குழல், அதன் அடியில் சிலந்திக் கால்கள் போன்ற இழைகள். இழைகளால் பாக்டீரியாவின் மேல் அமர்ந்து, குழல் வழியே டி.என்.ஏ.வை உள்ளே செலுத்திவிடும். அதற்குப் பிறகு அந்தச் செல் ஃபேஜ் தயாரிக்கும் தொழிற்சாலைதான். 37 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 25 நிமிடங்களில் செல் வெடிக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட புதிய ஃபேஜ்கள் வெளியே வரும்.

2. ஒன்று நூறாகிறது, நூறு பத்தாயிரமாகிறது. இந்தக் கணக்குப்படி பாக்டீரியா எல்லாம் எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. பதிலை அதே தட்டில் பார்க்கலாம். தெளிந்த வட்டங்கள் உள்ள தட்டைத் தூக்கி எறியாமல் இன்னும் ஓரிரு நாள் வைத்திருங்கள். வெறுமையாகக் கிடந்த வட்டத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி எழும். சுற்றியிருந்த கோடிக்கணக்கான செல்கள் வெடித்துச் செத்த இடத்தில், ஃபேஜ்களுக்கு நடுவிலேயே, ஒரு செல் பிழைத்துப் பெருகியிருக்கிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது தட்டில் வேறு ஏதோ அழுக்கு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் ஆசிரியர் ஆனதற்கு அந்தப் புள்ளியும் ஒரு காரணம்.

3. ஒரே ஒரு செல். இரத்தமும் இல்லை, வெள்ளையணுவும் இல்லை. அதற்கு எங்கிருந்து எதிர்ப்புச் சக்தி வரும்?

ஃபேஜ் உள்ளே வந்து பெருகி வெளியேறும் வழியில் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் அதைத் தடுக்கலாம். வாசலிலேயே அமரவிடாமல் செய்வது ஒன்று. உள்ளே வந்த டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக வெட்டுவது இன்னொன்று. முன்பு வந்த எதிரியை நினைவில் வைத்து வெட்டுவது மூன்றாவது. எதுவும் பலிக்காதபோது ஃபேஜ் பெருகி முடிப்பதற்குள் செல் தன்னையே அழித்துக்கொள்வது நான்காவது. கீழே ஒவ்வொன்றாக வருகிறேன்.

4. ஃபேஜைப் பார்த்த பிறகு பயந்து மாறிக்கொள்கிறதா, இல்லை முதலிலேயே மாறியிருந்ததா?

1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஒரு நடன விருந்தின்போது, உடன் பணிபுரிந்த ஒருவர் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தில் விளையாடுவதை லூரியா பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை ஒன்றும் விழாது. எப்போதாவது ஒருமுறை கொத்தாகக் கொட்டும். அதைப் பார்த்தபோதுதான் சோதனைக்கான வழி அவருக்குத் தோன்றியது.

குழாய்க்குச் சில செல்களை மட்டும் இட்டு, பல சிறு குழாய்களில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழாயையும் ஃபேஜ் நிறைந்த ஒரு தட்டில் ஊற்றி, எத்தனை செல்கள் பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். ஃபேஜைக் கண்ட பிறகே மாற்றம் வருகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருக்கும். மாற்றம் குழாயில் வளரும்போதே தற்செயலாக நேர்கிறது என்றால், தொடக்கத்திலேயே மாறிய செல் பெரும் வம்சத்தை விட்டுச் சென்றிருக்கும். கடைசியில் மாறியது ஒன்றிரண்டைத்தான் விட்டிருக்கும். அவர்கள் வெளியிட்ட ஓர் அட்டவணையில் 20 குழாய்கள். 11 குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஒன்றில் 35, ஒன்றில் 64, இன்னொன்றில் 107. அந்த ஏற்றத்தாழ்வே விடை. பிழைத்தவை ஃபேஜைச் சந்திக்கும் முன்பே மாறியிருந்தன. ஆனால் இந்த விடை வாசல் மாற்றத்துக்கு, அதாவது செல்லின் மேல் ஃபேஜ் அமரும் இடம் மாறுவதற்குப் பொருந்துவது. சந்தித்த பிறகு கற்றுக்கொள்ளும் முறையும் உண்டு. அது 8-ஆம் கேள்வியில் வருகிறது.

5. வாசலைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்ததே, மற்ற வழியெல்லாம் எதற்கு?

வாசல் ஃபேஜுக்காக வைத்த வாசல் இல்லை. லாம்டா என்ற ஃபேஜ் அமரும் இடம், மால்டோஸ் போன்ற சர்க்கரைகளை ஈ.கோலை உள்ளே இழுக்கும் புரதத் துளை. டி1 ஃபேஜ் பற்றிக்கொள்ளும் புரதம் இரும்புச்சத்தைக் கொண்டுவருவது. அதை இழந்த செல் ஃபேஜிடமிருந்து தப்பும். இரும்பு கிடைக்காத இடத்தில் பட்டினி கிடக்கும். ஃபேஜ் இல்லாத நாட்களில், வாசலைத் திறந்து வைத்திருக்கும் பங்காளிகளோடு அதனால் போட்டியிட முடியாது.

பூட்டிய வாசலுக்கு ஃபேஜ் வேறு சாவியும் செய்துகொள்ளும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லென்ஸ்கியின் குழு, லாம்டாவையும் தன் வாசலை ஏறக்குறைய மூடிவிட்ட ஈ.கோலையையும் ஒன்றாக வளர்த்தது. 2012-இல் வெளியான முடிவின்படி, கால்வாசிக் குடுவைகளில் லாம்டா முற்றிலும் வேறொரு புரதத்தைப் பற்றிக்கொள்ளப் பழகியிருந்தது. அதன் இழை நுனியில் உள்ள புரதத்தில் நான்கு மாற்றங்கள் சேர்ந்தபோது இது கைகூடியது.

6. டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி என்கிறீர்கள். அது தன் சொந்த டி.என்.ஏ.வை வெட்டிக்கொள்ளாதா?

எல்லா வகுப்பிலும் ஒருவராவது இதைக் கேட்பார். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் நீண்ட வரிசை. கத்தரி நொதி அதில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடும். ஈகோ ஆர்-ஒன் என்ற நொதி தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி. நான்கே எழுத்துகளால் ஆன மொழியில் இப்படி ஓர் ஆறெழுத்து வரிசை சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரும். ஈ.கோலையின் டி.என்.ஏ. ஏறக்குறைய 46 லட்சம் எழுத்து நீளம்; கணக்குப்படி ஆயிரம் இடங்களுக்கு மேல் வெட்டு விழ வேண்டும். விழாததற்குக் காரணம், கத்தரியோடு இன்னொரு நொதியும் சேர்ந்தே வேலை செய்கிறது. அது தன் டி.என்.ஏ.வில் அந்த வரிசை வரும் இடமெல்லாம் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டிவிடும். குறி இருந்தால் கத்தரி விலகிப் போகும். குறி இல்லாத டி.என்.ஏ. அந்நியம் என்று வெட்டப்படும். வண்ணான் குறி பார்த்துத் துணியை அடையாளம் காண்பது போல.

இதை விளக்கிய சுவிட்சர்லாந்தின் வெர்னர் ஆர்பருக்கும், அமெரிக்காவின் ஹாமில்டன் ஸ்மித், டேனியல் நேதன்ஸ் இருவருக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்பருக்குப் பத்து வயதில் ஒரு மகள். அப்பாவின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவள் ஒரு கதை சொன்னாள். ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும் ஒல்லியாக, நீளமாக ஒரு ராஜா. அவருக்குக் குட்டையான பல வேலையாட்கள். அவர்களில் ஒருவன் கையில் கத்தரிக்கோல். வேற்று ராஜா படையெடுத்து வந்தால் அவரைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுவான். தன் ராஜாவுக்கு ஒரு தீங்கும் செய்ய மாட்டான். ஆர்பரே இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். நானும் வகுப்பில் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மெத்தில் பக்கம் போவேன்.

7. வெட்டுக்கு ஒரு ஃபேஜ் தப்பிவிட்டால் என்ன ஆகும்?

நிலைமை அப்படியே தலைகீழாகும். குறியில்லாத லாம்டா ஃபேஜ்கள் கத்தரி வைத்திருக்கும் ஈ.கோலையைத் தாக்கினால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றுதான் தப்பும். கத்தரிக்கு முன்னால் குறி ஒட்டும் நொதி முந்திக்கொள்வதால் அது தப்புகிறது. அந்த ஒன்று பெருகும்போது பிள்ளைகள் அத்தனைக்கும் பாக்டீரியாவே தன் கையால் குறி ஒட்டிவிடுகிறது. அடுத்த செல்லில் அவற்றை யாரும் தடுக்க மாட்டார்கள். 1952, 1953-இல் லூரியாவும் ஜியூசெப்பே பெர்தானியும் கண்ட புதிர் இதுவே: எந்த பாக்டீரியாவில் வளர்ந்து வந்தது என்பதைப் பொறுத்து ஃபேஜின் திறன் மாறியது, இடம் மாற்றி வளர்த்தால் பழையபடி ஆனது. மரபணு மாற்றம் என்றால் இவ்வளவு எளிதாகத் திரும்பாது.

8. கிரிஸ்பர் என்பது ஆய்வகத்தில் மனிதர்கள் செய்த கருவி இல்லையா?

இல்லை. இது பாக்டீரியாவின் நினைவேடு. 1987-இல் ஜப்பானின் ஒசாகாவில் இஷினோ குழுவினர் ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் ஒரே வரிசை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார்கள், காரணம் புரியவில்லை. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்து நுண்ணுயிரியில் ஃபிரான்சிஸ்கோ மொஹிகா இதே அமைப்பைக் கண்டார். 2005-இல் அவரும் வேறு இரு குழுக்களும் அந்த இடைவெளிகளில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பல துண்டுகள் ஃபேஜ்களின் டி.என்.ஏ.வோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. தாக்க வந்தவனின் படத்தை வெட்டி ஒட்டி வைத்த ஏடு அது.

நேரடிச் சான்று தயிரிலிருந்து வந்தது. யோகர்ட் தயாரிக்கும் ஆலைகளில் ஃபேஜ் புகுந்தால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் கெடும். டனிஸ்கோ நிறுவனத்தின் ரொடால்ஃப் பாரங்கூ, ஃபிலிப் ஹோர்வாத் குழுவினர் யோகர்ட்டை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவை ஃபேஜோடு சேர்த்து வளர்த்தார்கள். பிழைத்தவற்றின் ஏட்டில் அந்த ஃபேஜின் ஏறக்குறைய 30 எழுத்துள்ள துண்டு புதிதாக ஏறியிருந்தது. துண்டை எடுத்துவிட்டால் எதிர்ப்பு போனது, சேர்த்தால் வந்தது. இது 2007-இல் வெளியானது. செல் அந்தத் துண்டின் ஆர்.என்.ஏ. நகலைக் கேஸ் என்ற வெட்டும் புரதத்திடம் கொடுத்துவிடுகிறது, பொருந்தும் டி.என்.ஏ. வந்தால் வெட்டு. ஜெனிஃபர் டவுட்னாவும் எமானுவேல் ஷார்பென்டியேவும் 2012-இல் இதை நாம் விரும்பும் இடத்தை வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார்கள். 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

9. வீட்டில் உறை ஊற்றும் தயிருக்கும் இந்த ஆபத்து உண்டா?

ஃபேஜ் அங்கும் இருக்கலாம். ஆனால் நேற்றைய தயிரை எடுத்து இன்றைய பாலில் ஊற்றும்போது பலவகை பாக்டீரியா கலவையாகப் போகிறது. ஒன்றை ஃபேஜ் வீழ்த்தினாலும் மற்றவை பாலைப் புளிக்கவைத்துவிடும். ஆலைகளில் ஒரே தரம் வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த சில வகைகளை மட்டும் வளர்ப்பதால் அடி பலமாக விழுகிறது.

10. ஏட்டில் ஃபேஜின் துண்டு இருக்கிறதே, கேஸ் புரதம் அந்த ஏட்டையே வெட்டிவிடாதா?

6-ஆம் கேள்வியின் தம்பி இது; விடை மட்டும் வேறு. இங்கே மெத்தில் குறி இல்லை. கேஸ் புரதங்களில் ஒன்றான கேஸ்9 வெட்டுவதற்கு முன் பொருந்தும் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனஸ் என்ற பாக்டீரியாவின் கேஸ்9-க்கு அது ஏதோ ஓர் எழுத்தும் தொடர்ந்து இரண்டு ஜி-யும். ஃபேஜின் டி.என்.ஏ.வில் அந்த அடையாளம் இருக்கும். ஏட்டில் ஒட்டும்போது அதை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் ஒட்டுவதால் ஏடு பிழைக்கிறது. இதனால் ஃபேஜுக்கும் ஒரு வழி கிடைக்கிறது. அந்த அடையாளத்தில் ஒரே எழுத்து மாறினாலும் அது வெட்டுக்குத் தப்பிவிடலாம்.

11. முதல் தாக்குதலிலேயே செல் செத்துவிடுமே, செத்துப்போனது எப்படி நினைவு வைத்துக்கொள்ளும்?

பெரும்பாலானவை செத்துத்தான் போகின்றன. நினைவு பதியும் செல்கள் மிகச் சில. அவற்றில் பலவற்றுக்கு வாய்ப்புத் தருவது ஊனமுற்ற ஃபேஜ். டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும், ஆனால் பெருக முடியாத நிலையில் இருக்கும். கனடாவில் சில்வேன் முவாநோவின் குழு 2014-இல் புற ஊதாக் கதிரால் சேதப்படுத்திய ஃபேஜ்களைக் கலந்தபோது, நினைவு பெற்ற பாக்டீரியாக்கள் அதிகமாயின. நாம் தடுப்பூசிக்காக வலுக்குறைத்த கிருமியைப் பயன்படுத்துவதும் இதே முறைதான்.

6-ஆம் கேள்வியில் பார்த்த கத்தரியும் இங்கே உதவுகிறது. அது நறுக்கிப் போட்ட துண்டுகள் ஏட்டில் ஒட்டுவதற்குக் கிடைக்கின்றன. இப்படி ஏறிய துண்டு செல்லின் சொந்த டி.என்.ஏ.வில் சேர்வதால் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். நம் தடுப்பூசியின் பலன் பிள்ளைக்கு இப்படிப் போவதில்லை.

12. தற்கொலை செய்துகொள்வதால் அந்தச் செல்லுக்கு என்ன லாபம்?

அந்தச் செல்லுக்கு ஒன்றுமில்லை. அது எப்படியும் 25 நிமிடத்தில் சாகப்போகிறது. 15-ஆம் நிமிடத்தில் செத்தால், நூறு ஃபேஜ்கள் உருவாகி முடிவதற்குள் தொழிற்சாலை மூடிவிடும். சுற்றியிருப்பவை அதே தாய்ச்செல்லிலிருந்து பிரிந்தவை. அதே மரபணுக்களைச் சுமப்பவை. அவை பிழைத்தால் தற்கொலைக்கான மரபணுவும் பிழைக்கும். தன்னந்தனியாக மிதக்கும் செல்லுக்கு இந்த முறையால் பயனில்லை.

இதில் நான் வியந்து நிற்பது, எப்போது சாக வேண்டும் என்று அது அறியும் விதத்தை. ஈ.கோலையில் அந்நிய டி.என்.ஏ.வின் நுனியிலிருந்து கடித்துத் தின்னும் ஒரு நொதிக் கூட்டு இருக்கிறது. லாம்டா போன்ற ஃபேஜ்கள் உள்ளே வந்ததும் அதை முடக்கும் புரதத்தை உருவாக்குகின்றன. ஒருவகை ரெட்ரான் என்ற அமைப்பு அந்த நொதிக் கூட்டையே காவல் காக்கிறது. நொதிக் கூட்டு முடங்கினால் அதுவே ரெட்ரானுக்கு ஆபத்துக்கான சைகை. செல் தன்னை அழித்துக்கொள்ளும். ஃபேஜ் முதல் பூட்டை உடைத்த செயலே இரண்டாவது பொறியை இழுத்துவிடுகிறது. இந்த வேலைப்பாடு 2020-இல்தான் தெரியவந்தது.

13. மொத்தம் இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா?

நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் இப்போது தெரியும். தற்காப்பு மரபணுக்கள் டி.என்.ஏ.வில் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன. தெரிந்த ஒன்றுக்குப் பக்கத்தில் தெரியாதவை இருந்தால் அவையும் தற்காப்புக்காக இருக்கலாம் என்ற எண்ணத்தில், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோட்டெம் சோரெக்கின் குழு ஆயிரக்கணக்கான பாக்டீரியா மரபணுத் தொகுதிகளை அலசி, 2018-இல் ஒரே கட்டுரையில் பல புதிய முறைகளை வெளியிட்டது. அவற்றுக்குக் காவல் தெய்வங்களின் பெயர்கள்: எகிப்தின் தோரிஸ், ஜப்பானின் ஹச்சிமான், லித்துவேனியாவில் அடுப்பு நெருப்பைக் காக்கும் கபீயா. ஐயனாரை அவர்கள் அறிந்திருந்தால் ஒன்றுக்கு அவர் பெயரையும் வைத்திருப்பார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள்.

இவற்றில் சிலவற்றின் உறவுகள் நம் உடலிலேயே இருக்கின்றன. வைரஸின் டி.என்.ஏ. நம் செல்லுக்குள் நுழைந்ததை உணரும் சிகேஸ்-ஸ்டிங் அமைப்புக்கும், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வைபெரின் புரதத்துக்கும் பாக்டீரியாவில் இணைகள் உண்டு.

14. இவ்வளவு இருந்தும் ஃபேஜ் ஜெயிக்கிறதே, அது என்ன செய்கிறது?

டி4 தன் டி.என்.ஏ.வின் சி எழுத்துகளையே மாற்றி, அவற்றின்மேல் குளுக்கோஸைப் பூசிக்கொள்கிறது. 6-ஆம் கேள்வியின் கத்தரிகள் பலவற்றுக்கு அது பிடிபடாது. டி7 உருவாக்கும் ஒரு புரதம் டி.என்.ஏ. போலவே வடிவமும் மின்சுமையும் கொண்டது. சிலவகைக் கத்தரிகள் அதைக் கவ்விக்கொண்டு செயலற்றுக் கிடக்கும். கிரிஸ்பரை முடக்கும் புரதங்கள் ஃபேஜ்களிடம் இருப்பதை டொரண்டோ ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்கதேசத்தில் காலரா நோயாளிகளின் மலத்தில் கிடைத்த ஐசிபி1 என்ற ஃபேஜ், காலரா பாக்டீரியாவைத் தாக்குவது. பாக்டீரியாவிடம் அதைத் தடுக்கும் ஒரு மரபணுத் தீவு, அதாவது டி.என்.ஏ.வில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மரபணுக்களின் தொகுப்பு, இருக்கிறது. சில ஐசிபி1 ஃபேஜ்களிடம் முழுமையான கிரிஸ்பர் அமைப்பு இருப்பதும், அதை வைத்து அந்தத் தீவையே வெட்டுவதும் 2013-இல் தெரியவந்தது. பாக்டீரியாவின் ஆயுதம் வைரஸின் கையில்.

15. அப்படியானால் ஃபேஜை மருந்தாகக் கொடுப்பதில் பயனில்லையா? பாக்டீரியா எப்படியும் தப்பிவிடுமே?

தப்பும்; 2-ஆம் கேள்வியின் வெள்ளைப் புள்ளி நோயாளியின் உடலிலும் எழும். அதனால்தான் வெவ்வேறு வாசல்களைப் பற்றும் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள். 5-ஆம் கேள்வியில் சொன்ன விலையையும் நமக்குச் சாதகமாக்கலாம். அமெரிக்காவின் ஒரு குளத்தில் யேல் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த ஒம்கோ1 என்ற ஃபேஜ், சூடோமோனாஸ் பாக்டீரியா ஆன்டிபயாட்டிக்கை வெளியே இறைக்கும் பம்பின் ஒரு பகுதியைப் பற்றுகிறது. ஃபேஜிடமிருந்து தப்ப அந்தப் பம்பை மாற்றினால், பழைய மருந்து மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. இது மருத்துவமனையில், எந்த பாக்டீரியா என்று வளர்த்துப் பார்த்து, பொருந்தும் ஃபேஜைத் தேர்ந்தெடுத்துத் தரும் சிகிச்சை. தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள இதில் எதுவும் இல்லை. மருத்துவர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை இதை நம்பி நிறுத்தவும் கூடாது.

16. வட்டத்துக்குள் வளர்ந்த அந்த வெள்ளைப் புள்ளி எந்த வழியில் தப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய சோதனையிலிருந்து தொடங்குங்கள். புள்ளியை எடுத்துத் தனியாக வளர்த்து, எண்ணிக்கை தெரிந்த ஃபேஜ்களை அதில் கலந்து, சில நிமிடங்கள் விட்டு மையவிலக்கியில் சுழற்றுங்கள். செல்கள் அடியில் படியும். மேலே உள்ள நீரில் எத்தனை ஃபேஜ்கள் மிச்சம் என்று வேறொரு தட்டில் எண்ணுங்கள். போட்டவை பெரும்பாலும் அப்படியே மேலே இருந்தால், அவை அமர இடம் கிடைக்கவில்லை, வாசல் மாறியிருக்கிறது. குறைந்துவிட்டால், அமர்ந்தும் பலிக்கவில்லை. தடை உள்ளே இருக்கிறது. அப்போது கிரிஸ்பர் ஏட்டை பி.சி.ஆர். செய்து நீளம் பார்க்கலாம். புதிய துண்டு ஏறியிருந்தால், ஈ.கோலையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஏடு 61 எழுத்து நீண்டிருக்கும்.

எங்கள் வகுப்புத் தட்டில் இதுவரை சோதித்த புள்ளிகள் எல்லாம் வாசல் மாறியவைதான். ஆய்வக ஈ.கோலையில் கிரிஸ்பர் வழக்கமாக அடங்கியே கிடக்கும் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏட்டின் நீளத்தையும் பார்த்துவிடுகிறோம்.